உஷார்! ஏரிக்கரையில் அந்த முதல் குண்டைச் சுட்டுவிடாதீர்கள்

"ஏனுங்ண்ணா, இந்த வாத்து நம்ம ஏரிக்கு வருமுங்களா?"

கார்த்திகை மாதத்து ராத்திரி. எங்கள் தெருவில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிற தம்பி ஒருவன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் ஓர் அமெரிக்கக் காடு. இடுப்பளவுத் தண்ணீரில், இலைகள் அச்சடித்த சட்டையோடு ஒருவர் நிற்கிறார். மரங்களுக்கு நடுவே இரண்டு பறவைகள் தாழ இறங்குகின்றன. ஒரு வெடிச்சத்தம். நாய் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருகிறது. பச்சைக் கொண்டை, சிவப்புக் கண், அப்படியொரு அழகான வாத்து. வுட் டக் என்று பெயர். முதன்முதலாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கான பாடமாம் அது. எத்தனை மணிக்குப் போய் ஒளிந்து உட்கார வேண்டும், எங்கே குறி வைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தருகிறார்.

"வராது தம்பி. அது அந்த நாட்டுப் பறவை" என்றேன்.

"செரி, அது வராட்டிப் போகுது. நம்மூர் வாத்து வருதுங்கல்ல? ராத்திரியானா தலைக்கு மேல விசிலடிச்சுட்டே போகுதே?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆன்லைனில் ஏர்கன்னுக்கு ஆர்டர் போட்டாயிற்று. கூட்டாளிகள் மூன்று பேர் தயார். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ஏரி, மத்தியானம் குழம்பு. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. அப்பா லாரியில் போனால் பத்து நாள் வீட்டுக்கு வரமாட்டார். அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கடைக்குப் போவது முதல் ரேஷன் வாங்குவது வரை அவன்தான். தான் செய்யப்போவது குற்றம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. சங்ககிரி, தேவூர், எடப்பாடி, திருச்செங்கோடு பக்கத்தில் இதுபோல் இன்னும் எத்தனை பேர் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் காட்டு வாத்தைச் சுட பருவம் கிடையாது, பாஸ் கிடையாது, "ரெண்டே ரெண்டு" என்ற கணக்கும் கிடையாது. ஒன்றைச் சுட்டாலும் வேட்டைதான். சுடப் பார்த்துக் குறி தவறினாலும் வேட்டைதான்.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குச் சொல்லும் பொருள், நாம் நினைப்பதைவிடப் பெரியது. கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, இரை போட்டு இழுப்பது, விஷம் வைப்பது, காயப்படுத்துவது, விரட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அதற்குள் வந்துவிடும். பறவை என்றால் முட்டையை உடைப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூட. 2022-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு 25,000 ரூபாயாக இருந்த அபராதம்தான் லட்சமாக ஏறியது. மயிலைப் போல முதல் பட்டியலில் இருக்கும் உயிர் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகலாம். அரையிருட்டில், நூறடி தூரத்தில், தண்ணீரில் மிதக்கும் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்து அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? பல வருஷம் பறவை பார்க்கிறவர்களுக்கே முடியாது.

"ஃபாரஸ்ட்ல புடிச்சா ஐயாயிரம், பத்தாயிரம் கட்டினா வுட்ருவாங்க" என்று டீக்கடையில் சொல்வார்கள். அதையும் நம்பவேண்டாம். வழக்குக்குப் போகாமல் இணக்கமாக முடித்துக்கொள்ளும் தொகையின் உச்சவரம்பை அதே திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்திவிட்டார்கள். அதுவும் அதிகாரி மனது வைத்தால் உண்டு. கேட்டுப் பெறும் உரிமை இல்லை. ஏரிக்குப் போன பைக், கையில் இருந்த துப்பாக்கி, வலை எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். தவணை கட்டி முடிக்காத பைக்காக இருந்தாலும் சரிதான். செத்த பறவை உங்கள் பையில் இருந்தால், அது முறைகேடாக வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் உங்கள் தலையில் விழும். நாளைக்கு போலீஸ் தேர்வு, கிரேன் ஆபரேட்டராகத் துபாய் போக பாஸ்போர்ட் என்று போய் நின்றால், சரிபார்ப்பில் இந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஏர்கன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாகக் கிளம்புகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். குறைந்த திறன் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்று ஆயுத விதிகள் விலக்குக் கொடுத்திருப்பது உண்மை. அட்டையில் குறி பார்த்துப் பழகுவதோடு அது நிற்கவேண்டும். அதே குழலைப் பறவைப் பக்கம் திருப்பிவிட்டால் அது வேட்டைக் கருவி. "லைசென்ஸ் தேவையில்லை" என்ற விளம்பர வரியை "எதை வேண்டுமானாலும் சுடலாம்" என்று படித்துவிடாதீர்கள். உண்டிவில்லுக்கும் இதே கதைதான். நாட்டுத் துப்பாக்கியை இரவல் வாங்கிப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். வன வழக்கோடு ஆயுதச் சட்ட வழக்கும் சேரும். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்ததற்கு மட்டுமே 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு தண்டனை.

சரி, அந்த அமெரிக்க வீடியோ காட்டாத பாதியையும் சொல்லவேண்டும். அங்கே 16 வயது ஆனவர் ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்டி வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். 1934 முதல் இருக்கும் ஏற்பாடு அது. அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை விலைக்கு வாங்கிப் பறவைகளுக்கென்றே விட்டுவைக்கிறார்கள். அதுபோக மாநில லைசென்ஸ் தனி. சில வாரங்கள்தான் பருவம். பெரும்பாலான மாநிலங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று வுட் டக், அதற்குமேல் கிடையாது. 1991 முதல் நீர்ப்பறவைகள்மேல் ஈயக் குண்டு சுடவே நாடு முழுக்கத் தடை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையைக் கூழாங்கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கி நஞ்சேறிச் செத்ததால் வந்த தடை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. நூறு ஆண்டுக்கு முன் இந்த வுட் டக் அங்கே அழிந்தே போகும் நிலைக்கு வந்துவிட்டது. வரைமுறையில்லாமல் சுட்டார்கள், அது கூடு வைக்கும் பொந்து மரங்களையும் வெட்டித் தீர்த்தார்கள். 1918-இல் சட்டம் போட்டார்கள். அதன் பிறகு 1941 வரை ஒருவரும் அதைச் சுட அனுமதி இல்லை. மரப்பெட்டி செய்து குளக்கரைகளில் ஆயிரக்கணக்கில் மாட்டி, அதில் குஞ்சு பொரிக்கவைத்து மீட்டார்கள். இன்று அந்த மனிதர் சுடுகிறார் என்றால், அதற்கு முன் ஒரு தலைமுறை சுடாமல் இருந்தது.

"எங்க அப்புச்சி சுட்டாருங்களே, அப்ப கேஸ் இல்லியே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அப்போது சட்டம் வேறு. வெள்ளைக்காரர்களும் ராஜாக்களும் சுட்ட கணக்கு ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் கல்லிலேயே வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் வீழ்த்திய பறவைகள் 4,273. அப்படிச் சுட்டும் நீர்நிலையைத் தூர்த்தும் வந்த இதே நாட்டில், ரோஜா நிறத் தலை வாத்து என்று ஒன்று இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது, உயிரோடு பார்த்ததாக உறுதியான சேதி ஒன்றுகூட இல்லை.

நம் மர வாத்து

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு நான் அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். அமெரிக்க வாத்து வராது. ஆனால் மரத்தில் கூடு வைக்கும் வாத்து நம் ஏரியிலேயே இருக்கிறது. ராத்திரி தலைக்கு மேல் விசிலடித்துப் போகிறதே, அதுதான் சீழ்க்கைச் சிறகி. செம்பழுப்பு உடம்பு, நீண்ட கழுத்து. எடை அரைக் கிலோவை ஒட்டி. பகலில் ஏரி நடுவில், தாமரை இலைகளுக்குப் பக்கத்தில் கூட்டமாகத் தூங்கிவழியும். பொழுது சாய்ந்ததும் கிளம்பி நெல் வயலுக்கும் குட்டைக்கும் மேயப் போகும். பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் இதற்கு மர வாத்து என்றே பெயர். ஏரிக்கரைப் புளியமரப் பொந்திலோ, காக்கையும் கொக்கும் விட்டுப்போன கூட்டிலோ, கோரைப்புல் மறைவிலோ முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சுகளைச் சேர்ந்தே வளர்க்கும். ஒன்று குண்டடிபட்டு விழுந்தால் மற்றது தூரமாய்ப் பறந்து தப்பிப்பதில்லை. கத்திக்கொண்டே மேலே சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்துக்குத் திரும்பும். சுடுகிறவனுக்கு அது வசதி. எனக்கு அதை எழுதும்போதே கை கூசுகிறது.

இன்னொன்று குள்ளத் தாரா. உள்ளங்கையில் வைத்து ஏந்தலாம் போலிருக்கும். கால் கிலோ தேறினால் அதிகம். உலகத்தின் மிகச் சிறிய நீர்வாத்துகளில் ஒன்று. வெள்ளையும் பளபளக்கும் பச்சையுமாக இருக்கும். தண்ணீர் ஓரத்து மரப்பொந்துதான் இதற்கும் பிரசவ வீடு. பொரித்த குஞ்சு பறக்கத் தெரியாமலே பொந்திலிருந்து கீழே குதித்துத் தாயிடம் போய்ச் சேரும். ஏரிக்கரையைப் பலப்படுத்துகிறோம் என்று பொந்து விழுந்த கிழட்டுப் புளியமரத்தையும் நாட்டுக் கருவேலத்தையும் அறுத்துத் தள்ளும்போது, கூடவே இவற்றின் பிரசவ வீட்டையும் அறுக்கிறோம். யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன்? நம் பகுதியில் தண்ணீர் புது இடங்களுக்கு வந்திருக்கிறது. மேட்டூர் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் பழசு. வழக்கமாக ஆகஸ்டில் திறந்து டிசம்பர் வரை ஓடும். அதன்மேல், மேட்டூர் உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து இறைத்து, ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களில் வறண்டு கிடந்த 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய் சரபங்கா நீரேற்றுத் திட்டம் 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது. முள்செடி மண்டிக் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்த ஏரியில் தண்ணீர் நின்றால், முதலில் தவளை வரும், பின்னாலேயே கொக்கு வரும், நாமக்கோழி வரும், ஐப்பசி கார்த்திகையில் வடக்கிலிருந்து நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வரும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வருபவை அவை. இத்தனை காலம் பறவையே பார்க்காத ஊரில் திடீரென நூறு வாத்து இறங்கினால் பையன்களுக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். வேடந்தாங்கல் போலப் பலகையோ காவலரோ இங்கே இல்லை. பலகை இல்லாத ஏரியிலும் சட்டம் அதே சட்டம்தான் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

குழம்புச் சட்டிக்குள் என்ன இருக்கிறது?

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஊர் கூடிவிடும் என்பதால், விவரம் தெரிந்த சிலர் சத்தமில்லாத வழிக்குப் போகிறார்கள். நெல்லில் பூச்சிமருந்தைக் கலந்து கரையோரம் தூவிவிடுவது. நெல்லுக்கும் வாழைக்கும் போடுகிற குருணை மருந்தை நாட்டின் பல இடங்களில் இப்படி நீர்ப்பறவைகளுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்போஃபியூரான் வகை மருந்து மனிதனுக்கும் கொடிய நஞ்சு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைக் குழப்பி, கண்மணியைச் சுருக்கி, வாயில் எச்சில் வழியவைத்து, மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. பறவை செத்தது அதனால்தான். செத்த பறவையின் இரைப்பையிலும் குடலிலும் அது அப்படியே இருக்கிறது. மிளகும் மல்லியும் தூக்கலாகப் போட்டு வேகவைத்தால் முறிந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். கையில் வாங்கிய பறவையை வைத்து அது குண்டில் செத்ததா, வலையில் செத்ததா, மருந்தில் செத்ததா என்று கறியாக உரித்த பிறகு உங்களால் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்டவருக்கு வாந்தி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று தொடங்கினால் மோர், எலுமிச்சை என்று வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காட்டுப் பறவைக் கறி சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேஸாகிவிடும் என்று பயந்து மறைத்தால், எந்த நஞ்சுக்கு மருந்து கொடுப்பது என்றே அவருக்குத் தெரியாது.

குண்டில் விழுந்த பறவை பரவாயில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஈய ரவை சதைக்குள் சிதறித் தூளாகப் பரவும். கண்ணுக்குத் தெரியும் குண்டை எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கும் கறியில் தெரியாத ஈயம் தங்கிவிடும். வளரும் குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். கறி என்றால் முதல் துண்டை யார் தட்டில் வைப்போம்? வீட்டுச் சின்னக் குழந்தை தட்டில்தானே?

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத கவலை ஒன்று உண்டு. சங்ககிரியிலிருந்து தென்கிழக்கே திரும்பினால் நாமக்கல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிப் பண்ணைகள், நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை. சத்துணவு முட்டையிலிருந்து ஏற்றுமதி வரை, தீவன மில் தொழிலாளி முதல் முட்டை லாரி டிரைவர் வரை இந்தச் சமவெளியின் எத்தனையோ குடும்பங்கள் ஏதோவொரு வகையில் கோழியால் சாப்பிடுகின்றன. பறவைக் காய்ச்சல் வைரஸைக் காட்டு வாத்துகள் பல சமயம் நோய்க்குறியே இல்லாமல் சுமக்கும். வாத்து நன்றாகப் பறந்தது, நன்றாக நீந்தியது, ஆகவே அது ஆரோக்கியமானது என்று சொல்லவே முடியாது. ஏரியில் அது பாட்டுக்கு இருக்கும்வரை நமக்கும் அதற்கும் தூரம் இருக்கிறது. அதைப் பிடித்து வீட்டு வாசலில் வைத்து இறக்கையைப் பிடுங்கி, குடலைக் குப்பைமேட்டில் வீசி, அதை நாட்டுக்கோழி கொத்தி, அதே செருப்போடு மறுநாள் பண்ணை ஷெட்டுக்கு வேலைக்குப் போனால் அந்தத் தூரம் ஒரே ராத்திரியில் காணாமல் போய்விடும்.

கேரளத்தில் குட்டநாட்டு வாத்துப் பண்ணைகளில் 2014, 2016, 2021, 2024 எனத் திரும்பத் திரும்ப இந்த நோய் வந்தது. ஒவ்வொரு முறையும் எல்லையில் சோதனை, இங்கே நாமக்கல்லில் முட்டை தேங்கும் கவலை. நம் பக்கத்திலேயே நோய் உறுதியானால் என்ன ஆகும்? நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை கோழியையும் வாத்தையும் அழிக்க வேண்டும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. பண்ணைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் எத்தனை ஷெட் என்று பண்ணைக்காரர்களைக் கேளுங்கள். 2021-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றில் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் மனித உயிரிழப்பு அது. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் காட்டு வாத்து உரிக்கிறார்கள் என்றால், முதலில் எழுந்து தடுக்க வேண்டியவர்கள் பண்ணை முதலாளிகள். அவர்கள் ஏன் இதைப்பற்றி ஊர் ஊராகப் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஏரியும் சும்மா இருக்காது. வண்டல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று தண்ணீர் நிறைந்த பிறகு கரையில் நின்று சொல்ல முடியாது. மேலே ஆகாயத்தாமரை பச்சையாகப் படர்ந்திருக்கும். முழங்கால் ஆழம் என்று கால் வைத்தால் அடுத்த அடி ஆளை விழுங்கும். வீடியோவில் நாய் நீந்தி எடுத்துவந்தது. இங்கே சுட்ட வாத்தை எடுக்க இறங்குவது நம் வீட்டுப் பிள்ளை. குண்டும் தண்ணீருக்குள் போய் நின்றுவிடாது. சாய்வாகச் சுட்டால் தவளைக்கல் போல நீர்ப்பரப்பில் எகிறி எதிர்க்கரைக்குப் போகும். விடியக்காலையில் எதிர்க்கரையில் யார் இருப்பார்கள்? வலை எடுக்கப் பரிசலில் வந்த மீன்காரர், மாட்டை ஓட்டிவந்த பாட்டி, கரைமறைவுக்கு ஒதுங்க வந்த பெண்கள். நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டைப் போட்டுச் சுடுகிறவர்களுக்கோ குழல் வெடித்துத் தன் கையும் கண்ணும் போகும் ஆபத்து வேறு.

வாங்குகிறவர்களுக்கும் இது எச்சரிக்கை. சாலையோரம் சாயங்கால நேரத்தில் பையைக் காட்டி, "காடைங்க, வாத்துங்க" என்று விற்பவரிடம் வாங்கிவிட்டு, "நான் சுடலையே" என்று சொல்லித் தப்ப முடியாது. வேட்டையாடிய பறவையை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடைக்குத் தடை இல்லை. காட்டுக் காடையும் கவுதாரியும் தடை. அறுப்பு முடிந்த வயலில் மேய்க்கும் வளர்ப்பு வாத்தைத் தாராளமாக வாங்குங்கள். உரித்தாலும் கனமாகவே நிற்கும். கையகலத்தில், அரைக் கிலோவுக்கும் குறைவாக "வாத்து" என்று ஒருவர் நீட்டினால் அது சிறகியாகவோ, நீலச்சிறகியாகவோ, உரித்த மடையானாகவோதான் இருக்கும். நகர்ந்துவிடுங்கள்.

விற்பவரை மட்டும் பிடித்து அடித்து, "இவங்க வேலையே இதுதான்" என்று ஒரு சமூகத்தின் தலையில் பழியைப் போடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தலைமுறை தலைமுறையாக வேட்டையே பிழைப்பாக இருந்தவர்களிடம் 1972-க்குப் பிறகு துப்பாக்கியைக் கீழே போடச் சொன்னோம்; பதிலுக்கு நிலமோ, நிலையான வேலையோ பெரும்பாலோருக்குக் கொடுக்கவில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆயிற்று. பாசிமணி விற்றுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "சிறகி கிடைக்குமா?" என்று ரகசியமாகக் கேட்பவர் யார் என்று பாருங்கள். அவர் கேட்பதை நிறுத்தினால் அந்தப் பை சாலைக்கே வராது.

நம்மால் முடியாத காரியமா இது? ஈரோட்டைத் தாண்டி வெள்ளோட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1996-இல் சரணாலயமான அந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம்மைப் போலவே தறியும் காடுமாகப் பிழைக்கும் கொங்கு ஜனங்கள்தான் அவர்களும். வேடந்தாங்கல் கதை இன்னும் பழசு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு உரமே வேண்டியதில்லை என்று அந்தக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1798-இல் இந்த ஏரியில் யாரும் சுடக்கூடாது என்று உறுதிப் பத்திரம் வாங்கிவந்தார்கள். கவனியுங்கள், அப்போது வனத்துறை கிடையாது, வனச் சட்டமும் கிடையாது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஆள்கிறவர்கள். அவர்களை எதிர்த்து ஏர் பிடிக்கிறவர்கள் போய் நின்றார்கள்.

நம் ஏரியில் வலை கட்டியிருப்பதையோ, கரையோரம் நாலைந்து வாத்து ஒரே இடத்தில் செத்துக் கிடப்பதையோ பார்த்தால் கிட்டப்போய்க் கையால் தொடாதீர்கள். மருந்தாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். நாயையும் கோழியையும் பக்கத்தில் விடாதீர்கள். தூரத்திலிருந்து போட்டோ எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ, 112-க்கோ சொல்லுங்கள். செத்துக் கிடந்தால் அரசு கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். துப்பாக்கியோடு இருப்பவரிடம் தனியாகப் போய் வாக்குவாதம் செய்யவேண்டாம். சொந்தக்காரப் பையன் என்பதற்காக மறைக்கவும் வேண்டாம். சுட்ட பிறகு காப்பாற்றுவதைவிடச் சுடுவதற்கு முன் தடுப்பது அவனுக்கு நல்லது. செல்போனில் வருகிற "காட்டு வாத்து கிரேவி" வீடியோவைக் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். எடுத்துப் போட்டவர்களுக்கு அதுவே சாட்சியமாகிவிடும்.

எங்கள் தெருத் தம்பி அன்று ராத்திரி வெகுநேரம் என்னோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். சட்டம், அபராதம் என்றபோது தலையாட்டினான். ஜோடி விழுந்த இடத்தையே மற்றது சுற்றிவரும் என்று சொன்னபோதுதான் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். ஆர்டரை ரத்து செய்துவிட்டதாக மறுநாள் சொன்னான். ஆனால் கூட்டாளிகள் மூவரில் ஒருவனிடம் ஏற்கெனவே ஒரு ஏர்கன் இருக்கிறதாம். அவன் வீடு தேவூர்ப் பக்கம். அவன் அப்பாவை எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமைக்குள் போய்ப் பேசியாக வேண்டும்.